ரங்கன்திட்டு படகுச் சவாரி: போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

மைசூர் போகிறவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவன் தோட்டம் என்று ஓடுகிற ஓட்டத்தில் ரங்கன்திட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். படகில் ஏறி, ஒரு சுற்று சுற்றி, இறங்கி, "நிறைய கொக்கு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை மதியம் போன எனக்கும் அவ்வளவுதான் கிடைத்தது. அப்புறம் பல தடவை போயிருக்கிறேன். அதே ஆறு, அதே படகு, ஆனால் பார்த்தது வேறு. தெரிந்தவர்கள் போவதற்கு முன் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரங்கன்திட்டு எங்கே இருக்கிறது? அங்கே என்ன விசேஷம்?

கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் காவிரி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. திட்டு என்றால் நமக்குத் தெரியும், ஆற்று நடுவே மேடாக நிற்கும் நிலம். 1645 முதல் 1648 வரை மைசூர் உடையார்கள் காலத்தில் ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் தண்ணீர் தேங்கி, இந்தத் திட்டுகள் தனித்தனித் தீவுகளாக நின்றுவிட்டன. சுற்றிலும் தண்ணீர், தண்ணீரில் முதலை. பறவைக்குக் கூடு கட்ட இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது. பறவையியலாளர் சாலிம் அலி இதைப் பார்த்துவிட்டு எடுத்துச் சொல்லி, 1940இல் மைசூர் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் கர்நாடகத்தின் முதல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டதும் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்த்யரங்கம். மூன்றும் ரங்கநாதர் கோயில் உள்ள காவிரித் தீவுகள். ரங்கன்திட்டில் படகுக்கு அடியில் போகிற தண்ணீர்தான் சிவசமுத்திரத்தில் விழுந்து, ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்கு வருகிறது.

எந்த மாதம் போவது நல்லது?

கூடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் மே வரை. நான் கண்ணை மூடிக்கொண்டு மார்ச் என்று சொல்வேன். சில கூடுகளில் குச்சி வைத்துக் கட்டிக்கொண்டே இருப்பார்கள், சிலதில் அடைகாத்துக்கொண்டிருப்பார்கள், சிலதில் குஞ்சு தலை நீட்டிக் கத்தும், எல்லாக் கட்டத்தையும் ஒரே மரத்தில் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் குஞ்சுகள் பெரிதாகி இறக்கை அடித்துப் பழகும், ஆனால் வெயில் கடுமை. டிசம்பர், ஜனவரியில் குளிர்கால விருந்தாளிப் பறவைகளும் சேர்ந்திருக்கும், காலை வெயிலுக்கு முதலைகள் பாறைமேல் வந்து கிடப்பதும் அப்போது அதிகம்.

மழைக்காலத்தில் படகு ஓடுமா?

ஆற்றில் வெள்ளம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தச் சிக்கல் வரும்.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கிருஷ்ணராஜசாகர் அணை ரங்கன்திட்டுக்கு மேலே இருக்கிறது. அங்கே திறக்கும் தண்ணீர் முதலில் இந்தத் தீவுகளைத்தான் தொடும், பிறகுதான் நமக்கு. ஆகவே "கே.ஆர்.எஸ். அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு" என்று நம் ஊர்ச் செய்தியில் பெரிய எண்ணாக வந்தால், அந்த வாரம் ரங்கன்திட்டுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கபினியில் மட்டும் திறந்திருக்கிறார்கள் என்றால் பயப்பட வேண்டாம், ஏனென்றால் கபினி கீழே திருமகூடலு நரசிபுரத்தில்தான் காவிரியில் சேர்கிறது, ரங்கன்திட்டை அது தொடுவதில்லை. மேட்டூருக்கு வரும் மொத்த நீர்வரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

எந்த நேரம்?

காலை. முடிந்தால் முதல் படகு. எட்டரை, ஒன்பது மணி வாக்கில் டிக்கெட் கொடுக்கத் தொடங்குவார்கள், நீங்கள் அதற்குக் கொஞ்சம் முன்பே வாசலில் நில்லுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும், கூட்டம் இருக்காது, பறவைகள் இரை தேடப் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கும். அது முடியாவிட்டால் மாலை நாலு மணிக்கு மேல். அடையப் பறவைகள் திரும்பி வரும் நேரம் அது. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் வேண்டாம்.

காலை முதல் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்தைய இரவே மைசூரிலோ ஸ்ரீரங்கப்பட்டணத்திலோ தங்குவதுதான் ஒரே வழி. ஊட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், சத்தியமங்கலம் வழியாக வருகிற திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. விடியற்காலையில் கிளம்பிச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். ரயிலில் வருகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும்.

பொதுப் படகா, தனிப் படகா?

பொதுப் படகு என்பது டிக்கெட் எடுத்தவர்களைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று காட்டுவது. கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தனிப் படகு என்றால் காசு பல மடங்கு ஆகும், ஆனால் நேரம் அதிகம், நிறுத்தச் சொல்லலாம், ஒரே இடத்துக்குத் திரும்பவும் போகலாம். கட்டணம் அவ்வப்போது மாறும், கவுன்டரில் எழுதிப் போட்டிருப்பார்கள். பெரிய லென்ஸ் கொண்டுவந்தால் அதற்குத் தனிக் கட்டணம்.

என் யோசனை: நாலைந்து பேர் ஒன்றாகப் போனால் பங்கு போட்டுத் தனிப் படகு எடுங்கள். ஒருவர், இருவராகப் போனால் காலையில் ஒரு பொதுப் படகு, மாலையில் இன்னொரு பொதுப் படகு. முதல் சுற்றில் எது எங்கே இருக்கிறது என்று கண் பழகிவிடும், இரண்டாவது சுற்றில்தான் நிஜமாகவே பார்ப்பீர்கள். ஒரே தடவை போவதற்கும் இரண்டு தடவை போவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது, இரண்டாவது டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசைப் போல அங்கே வேறு எதுவும் பயன்படாது.

படகில் எங்கே உட்கார வேண்டும்?

முனையில் இடம் கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் ஓரத்தில். இங்கே ஓடுவது துடுப்புப் படகு, மோட்டார் சத்தம் கிடையாது, அதனால்தான் கூடுகளுக்கு அவ்வளவு அருகில் போக முடிகிறது. படகு திரும்பும்போது இரண்டு பக்கத்துக்கும் காட்சி கிடைக்கும், எனவே பக்கம் பற்றிச் சண்டை வேண்டாம். எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் ஆபத்து. "முதலை! முதலை!" என்று ஒருவர் கத்தியதும் எட்டுப் பேர் எழுந்து ஒரு பக்கம் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன், படகோட்டியின் முகம் போன போக்கை மறக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும்.

இருபது நிமிடத்தில் எதைத்தான் பார்ப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி. எத்தனை வகை பார்த்தோம் என்று எண்ணப் போனால் ஒன்றும் தங்காது. நான் சொல்வது இதுதான்: போவதற்கு முன் ஐந்தாறு பறவைகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அவை என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

மஞ்சள்மூக்கு நாரைதான் அதிகம் கண்ணில் படும், சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். மஞ்சள் அலகு, ஆரஞ்சு முகம், பின்பக்கம் இளஞ்சிவப்புத் தூவல். வளர்ந்த பறவை அனேகமாகக் குரலே கொடுக்காது, அலகை மட்டும் தட்டும். கூட்டிலிருந்து வரும் கரகரச் சத்தமெல்லாம் பசித்த குஞ்சுகளுடையது. வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ கூட்டின்மேல் இறக்கையை விரித்தபடி அசையாமல் நிற்கும். குஞ்சுக்கு நிழல் பிடிக்கிறது! அதைத் தெரியாமல் பார்த்தால் ஏதோ சோம்பல் முறிக்கிறது என்றுதான் தோன்றும், தெரிந்து பார்த்தால் அந்த ஒரு கூட்டை விட்டுக் கண் நகராது.

நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவே ஒரு சந்து தெரியும். நத்தையைப் பிடித்து உள்ளே இருப்பதை எடுக்க அமைந்த அலகு. குஞ்சுகளுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர்ந்த பிறகுதான் வரும். கூட்டில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடிந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரண்டிவாயன் என்ற பெயரே போதும், அலகின் நுனி தட்டைக் கரண்டி. ஆழமில்லாத தண்ணீரில் அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும், அரிவாள் வீசுவது போல.

கூழைக்கடா இங்கே கூடு கட்டுகிறது. மேலலகு ஓரத்தில் புள்ளிகள் இருக்கும். குஞ்சுக்கு ஊட்டும்போது பார்த்தால் குஞ்சின் தலை முழுக்கத் தாயின் பைக்குள் போயிருக்கும், முதல் தடவை பார்ப்பவர்களுக்குப் பதறும்.

பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. தூரத்திலிருந்து நீர்ப்பாம்பு என்றே நினைப்பீர்கள். அதன் இறகு தண்ணீரில் நனையும், அதனால்தான் மீன் பிடித்து முடித்ததும் பாறையில் ஏறி இறக்கையை விரித்துக் காய வைக்கிறது. நீர்க்காகமும் அப்படியே நிற்கும். கழுத்தின் நீளத்தையும் அலகையும் பாருங்கள்: பாம்புத்தாராவுக்குக் குத்தீட்டி மாதிரி நேரான அலகு, நீர்க்காகத்துக்கு நுனி வளைந்தது.

ஆற்று ஆலா தண்ணீர் நடுவே உள்ள பாறைகளில் இருக்கும். கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு, பிளந்த வால். அந்தரத்தில் நின்று, குறி பார்த்து, தண்ணீரில் விழும். பாறையிலேயே முட்டையிடுவதால் திடீரென்று தண்ணீர் ஏறினால் அத்தனையும் போய்விடும். பறவைகளிலேயே எனக்கு மனசு கனப்பது இதை நினைத்துத்தான்.

பாறைகளின் அடிப்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள், பெரும்பாலானவர்கள் மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டு இதைத் தவறவிடுவார்கள். தகைவிலான்கள் மண் உருண்டைகளை ஒட்டி ஒட்டி, சின்னச் சின்னக் கலயங்கள் போல நெருக்கமாகக் கூடு கட்டியிருக்கும். படகு பக்கத்தில் போகும்போது வாசல் வழியாகத் தலை எட்டிப் பார்க்கும்.

அடர்ந்த கிளைக்குள் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருப்பது வக்கா, இரவில் இரை தேடுவது, சிவப்புக் கண். மரத்தில் பழுத்த காய்கள் தொங்குவது போலத் தெரிந்தால் அவை பழந்தின்னி வௌவால்கள்.

முதலை படகைத் தாக்குமா? வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறதே?

வாயைத் திறந்திருப்பது கோபத்தால் அல்ல, உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்வதற்காக. இங்கே இருப்பவை சதுப்புநில முதலைகள், நம் அமராவதி, ஒகேனக்கல் பக்கம் இருக்கும் அதே இனம். படகைக் கண்டால் பெரும்பாலும் அசையாது, மிக நெருங்கினால் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிவிடும். பார்க்க ஆசையாக இருந்தால் படகு நெருங்குவதற்கு முன்பே பைனாகுலரில் பார்த்துவிடுங்கள். ஆனால் அது காட்டு விலங்கு, கையைத் தண்ணீரில் விடக்கூடாது. ஒரு விரலைக்கூட.

முதலைக்கும் பறவைக்கும் உள்ள உறவு சுவாரசியமானது. கீழே முதலை நீந்துவதால் முட்டை திருட வரும் பாலூட்டிகள் நீந்தித் தீவுக்கு வரத் தயங்கும், பறவைக்கு அது காவல். பதிலுக்குக் கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு முதலைக்கு. மாமல்லபுரம் அருகே உள்ள சென்னை முதலைப் பண்ணையில், கொக்குகள் கூட்டுக்குக் குச்சி தேடும் பருவத்தில் முதலைகள் மூக்கின்மேல் குச்சிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடந்ததைப் பற்றி 2013இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. குச்சியை எடுக்க வரும் கொக்கைப் பிடிக்கும் தந்திரம் என்றார்கள். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, இருந்தாலும் ரங்கன்திட்டில் ஒவ்வொரு முதலையின் மூக்கையும் நான் பார்க்காமல் விடுவதில்லை.

நீர்நாய் பார்க்க முடியுமா?

இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது. காலையில் அமைதியாக இருந்தால் வாய்ப்பு உண்டு. தண்ணீரில் நாலைந்து தலைகள் சேர்ந்து போனால் படகோட்டியை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பைனாகுலர் அவசியமா? கேமரா?

பைனாகுலர் கட்டாயம் வேண்டும், கேமராவைவிட அதுதான் முக்கியம். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். 10, 12 மடங்கு எடுத்தால் படகின் ஆட்டத்தில் பறவையும் ஆடும், ஐந்து நிமிடத்தில் கண் வலிக்கும். வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் காக்காய், மைனாவை வைத்துப் பழகுங்கள். வெறும் கண்ணால் பறவையைப் பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகிவிட்டால் படகில் தேடித் தடுமாற வேண்டியதில்லை.

கேமராக்காரர்களுக்கு: ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக, ஏனென்றால் நீங்களும் நகர்கிறீர்கள், பறவையும் நகர்கிறது. பின்னால் இருண்ட மரம், முன்னால் வெள்ளைப் பறவை என்றால் கேமரா ஏமாந்து வெள்ளையை வெளுத்துவிடும், வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். முக்காலி படகில் உதவாது. ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பறவையைப் பெரிதாக்கி எடுக்க முயலாதீர்கள், முழு மரத்தையும் தண்ணீரோடு சேர்த்து எடுங்கள், அல்லது அரை நிமிட வீடியோ எடுங்கள், குஞ்சுகளின் சத்தம் அதில் பதியும்.

சரி, இன்னொன்று. முதல் ஐந்து நிமிடம் எதையும் எடுக்காமல் வெறுமனே பாருங்கள்.

படகோட்டியிடம் எப்படிப் பேசுவது? கன்னடம் தெரியாதே.

அவர்கள் வனத்துறைப் பணியாளர்கள், தினமும் அதே மரங்களைப் பார்ப்பவர்கள். எந்தக் கூட்டில் நேற்று குஞ்சு பொரித்தது என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். ஏறியதும் வணக்கம் சொல்லி, "பறவை பார்க்க வந்திருக்கோம், மெதுவா போனா போதும்" என்று தமிழிலேயே சொல்லிப் பாருங்கள், மைசூர்ப் பக்கம் தமிழ் புரிந்தவர்கள் நிறைய. கொஞ்சம் கன்னடம் வேண்டுமென்றால், "ஸ்வல்ப நிதான" என்றால் கொஞ்சம் மெதுவாக. "ஸ்வல்ப நில்ஸ்தீரா?" என்றால் கொஞ்சம் நிறுத்துவீர்களா. முதலை அங்கே மொசளெ, கொக்கும் நாரையும் கொக்கரெ, கூழைக்கடா ஹெஜ்ஜார்லெ, நீர்நாய் நீருநாயி. இவ்வளவு சொன்னாலே அவர் முகம் மலர்ந்துவிடும், கேட்காததையும் காட்டுவார்.

ஆனால் கூட்டுக்கு இன்னும் கிட்டே போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எவ்வளவு நெருங்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

செய்யக்கூடாதது என்ன?

கை தட்டக்கூடாது. "பறக்க வெச்சா ஃபோட்டோ நல்லா வரும்" என்று ஒரு முறை என் படகில் ஒருவர் கை தட்டினார். ஒரு நாரை கூட்டை விட்டு எழும்பியது. எங்கள் படகு அந்த மரத்தைத் தாண்டும்வரை அது திரும்பி வரவில்லை. தாய் எழும்பினால் முட்டைமேல் நேர் வெயில், அது போதாதென்று காகமும் பருந்தும் காத்திருக்கும். நமக்கு ஒரு படம், அங்கே ஒரு கூடு போய்விடலாம். பக்கத்தில் யாராவது அப்படிச் செய்தால் தயங்காமல் சொல்லுங்கள், மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

பாட்டு, ஃபோனில் சத்தமாகப் பேச்சு, தின்பண்டம் வீசுவது, பிளாஸ்டிக், இவையும் வேண்டாம். சாப்பாட்டைப் படகு ஏறுவதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், குழந்தைக்குச் சரியான அளவைக் கேட்டு வாங்கி, நீங்களே இறுக்கிக் கட்டுங்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குப் படகில் ஏறி இறங்குவதுதான் சிரமம், முதலில் ஏற்றச் சொல்லிக் கேட்டால் உதவுவார்கள். குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: "கரண்டி மூக்கை யார் முதல்ல கண்டுபிடிக்கிறீங்க?" அப்புறம் அவர்கள் சத்தம் போடவே மாட்டார்கள். தொப்பி, தண்ணீர் வேண்டும். பளிச்சென்ற நிறத்தைத் தவிர்த்து மங்கலான நிறத்தில் உடுத்துவது நல்லது.

படகு கிடைக்கவில்லை என்றால்?

திரும்பிப் போக வேண்டாம். ஆற்றங்கரையில் நடைபாதை இருக்கிறது, மூங்கில் நிழல் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்க இடமும் உண்டு. படகு கிடைத்தாலும் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் கரையில் நில்லுங்கள், நாரைகள் குச்சியோடு எந்தத் தீவுக்குப் போகின்றன என்று பார்த்துவிட்டால் படகில் ஏறியதும் எங்கே கண்ணை வைப்பது என்று தெரிந்துவிடும்.

நமக்கு வேடந்தாங்கல் இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏன்?

வேடந்தாங்கல் ஏரி, கரையிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் பார்ப்பது. மொத்தக் கூட்டத்தின் பிரமிப்பு அங்கே கிடைக்கும். ரங்கன்திட்டு ஓடுகிற ஆறு, ஒரு கூட்டை முகத்துக்கு நேரே பார்க்கலாம். பருவமும் வேறு. வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் களைகட்டும், மார்ச்சுக்கு மேல் அங்கே குறையத் தொடங்கும்போது ரங்கன்திட்டில் உச்சம். டிசம்பரில் அது, மார்ச்சில் இது என்று வைத்துக்கொண்டால் ஒரே வருஷத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

போகும் வழியில் வேறு என்ன பார்க்கலாம்?

பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் மத்தூர் அருகே உள்ள கொக்கரெபெள்ளூரில் இறங்கிப் பாருங்கள். சரணாலய வேலி எதுவும் இல்லாத சாதாரணக் கிராமம். வீட்டு வாசலில் உள்ள புளியமரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும், கீழே திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், முதல் நாள் மாலை அங்கே, இரவு ஸ்ரீரங்கப்பட்டணத்தில், மறுநாள் காலை முதல் படகு.